காருக்குப் பின்னால் மாதா

1

போன சனிக்கிழமை நான் மாதாவைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். கனடாவுக்கு வந்து இந்த ஆவணியோடு இருபத்துநான்கு வருடமாகிறது. ஊருக்கு எழுதிச் சொல்லும்படியாக நான் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் வடமேற்கு மூலையில், ரெக்ஸ்டேலில். எனக்குப் பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. எங்கள் கோவில் பங்குத் தமிழர்கள் வருடத்துக்கு ஒருமுறை, வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் ஏரிக்கரையோரம் உள்ள ஒரு தேவாலயத்துக்கு யாத்திரை போவோம். நீங்கள் மடு மாதா கோவிலுக்குப் போவதைப் போலத்தான். பூசை, சமையல், மாலையில் பவனி. எங்கள் மாதாவின் சுரூபமும் சமையல் சாமான்களும் இங்கிருந்தே போகவேண்டும். இத்தனை காலமும் தன் வானில் அவற்றை ஏற்றி வந்தவர் இந்த வருடம் தூரத்து விட்பி நகருக்கு வீடு மாறிவிட்டார். வானையும் விற்றுவிட்டார்.

ஆடி மாதக் கடைசி ஞாயிறு, பூசை முடிவில் ஃபாதர் கேட்டார்: "ஆரின்ரையும் காருக்குப் பின்னாலை கொக்கி இருக்கோ? ஒரு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்தால் அலுவல் முடிஞ்சுது."

நான் எப்போதும் கடைசி வரிசை வாங்கில் இருப்பவன். கோவிலில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, சீலியின் புருசன் என்றுதான் தெரியும். அந்தச் சீலி முழங்கையால் என்னை ஒரு இடி இடித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"இவரின்ரை காரிலை இருக்கு ஃபாதர்!"

இருந்தது உண்மைதான். பழைய காராக வாங்கியபோது கூடவே வந்த கொக்கி அது. எட்டு வருடமாக அது செய்த ஒரே வேலை, பின்கதவைத் திறக்கப்போகும் ஒவ்வொரு முறையும் என் காலில் இடித்ததுதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. தலையை ஆட்டினேன். இல்லை என்ற சொல் என் வாயில் வராது. வேலையிடத்தில் கூடுதல் நேரம் நில் என்றாலும் ஓம், ஆரும் வீடு மாறும்போது கட்டில் தூக்க வா என்றாலும் ஓம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். காருக்குப் பின்னால் எதையும் இழுத்து எனக்குப் பழக்கமே இல்லை. அது என்ன பெட்டியா, அரிசி மூட்டையா? மாதா. முப்பது வருடத்துக்கு முன் இங்கே முதலில் வந்த சனம் காசு சேர்த்து ஊரிலிருந்து எடுப்பித்த மரச் சுரூபம். அதற்கு ஒரு கீறல் விழுந்தால் நான் பிறகு எந்த வாங்கிலும் இருக்க முடியாது.

2

காருக்கு ஒரு புத்தகம் உண்டு. நானூறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழில். கடை, பஸ், வேலை எல்லாவற்றுக்கும் போதுமான ஆங்கிலத்தைக் காதால் பொறுக்கி வைத்திருக்கிறேன். புத்தகத்துக்கு அது போதாது.

மகள் ஜெனியிடம் கொண்டுபோனேன். அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கோவிலுக்கு வருவதை விட்டு இரண்டு வருடமாகிறது. சண்டை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அறைக் கதவு பூட்டியிருக்கும், நாங்கள் தட்டுவதை நிறுத்திவிட்டோம். "சாப்பிட்டியோ?" என்று நான் கேட்பேன். "ஓம்" என்பாள். நாளொன்றுக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான். புத்தகத்தைப் பார்த்ததும், "அப்பா, நீங்கள் ட்ரெய்லர் இழுக்கப் போறீங்களோ? சீரியஸ்லி?" என்று கதிரையைத் திருப்பி உட்கார்ந்தாள்.

அடுத்த மூன்று பின்னேரமும் அவள் வாசித்தாள், நான் கொப்பியில் எழுதினேன். ட்ரெய்லரும் சாமானும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு இறாத்தலுக்கு, அதாவது பவுண்டுக்கு, மேல் போகக்கூடாது.

"சாமான் மட்டும்தானே?" என்றேன்.

"இல்லை அப்பா, எவ்ரிதிங். இது ட்ரக் இல்லை, குடும்பக் கார்."

ட்ரெய்லரைக் காரோடு கட்டும் இரண்டு சங்கிலிகளையும் அடியில் குறுக்காகப் போடவேண்டும். கொக்கி விட்டால் ட்ரெய்லரின் மூக்கு நிலத்தில் குத்தாமல் சங்கிலி தாங்கும். விளக்குகள் காரோடு சேர்ந்து எரியவேண்டும். வேகம் தொண்ணூறைத் தாண்டக்கூடாது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கோ, சற்றுக் கூடவோ கொக்கியில் அழுத்தவேண்டுமாம். அதற்குச் சாமானில் பாதிக்கு மேல் ட்ரெய்லரின் சில்லு அச்சுக்கு முன்னால் இருக்கவேண்டும். எல்லாம் எழுதினேன். எழுதினால் வந்துவிடும் என்று நினைத்தேன்.

காப்புறுதிக்காரருக்கு அவள்தான் தொலைபேசி எடுத்தாள். ஆள் வரும்வரை நாற்பது நிமிடம் தொலைபேசியில் பாட்டுக் கேட்டோம். பிறகு வாடகைக் கடைக்குப் போனோம். அங்கே ஒரு படிவம், அதற்குப் பின்னால் இன்னொரு படிவம். மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞன் என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டான். இதற்காவது நானே ஆங்கிலத்தில் பதில் சொல்வோம் என்று, "அவர் மதர்" என்றேன்.

அவன் எழுதுவதை நிறுத்தினான். ட்ரெய்லரில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம், அம்மா காருக்குள்தான் இருக்கவேண்டும் என்று ஆறுதலாக விளக்கினான். "நோ, நோ, ஷீ இஸ் வுட்" என்றேன். அவன் இன்னும் பயந்துபோனான். ஜெனி மேசையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

முற்றத்தில் பூட்டிப் பார்க்கும்போது ட்ரெய்லரைப் பின்னால் எடுத்து ஒரு மூலைக்குள் விடச் சொன்னான். பின்னால் போகும்போது எல்லாம் மாறி நடக்கும். ட்ரெய்லர் இடப்பக்கம் போக, ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பவேண்டும். புதிய ஆட்கள் அரை மணி நேரம் ஸ்டியரிங்கை அங்கும் இங்கும் முறித்துக்கொண்டு நிற்பார்களாம். நான் ஒரே எடுப்பில் விட்டேன்.

"வெயிட். எங்கை அப்பா பழகினனீங்கள்?"

"லான்ட்மாஸ்டரிலை. பதினொரு வயசிலை."

அவளுக்கு லான்ட்மாஸ்டர் என்றால் என்னவென்று தெரியாது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு சில்லு எஞ்சின், பின்னால் ஒரு பெட்டி. பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் போனது அந்த வேலைக்குத்தான். மன்னாரில் நெல்லும் மணலும் ஏற்றினேன். பிறகு சனம் இடம்பெயர்ந்த காலத்தில் சனத்தையும் ஏற்றினேன். வீடு வரும்வரை அவளுக்கு அந்தக் கதைதான். ஒருமுறை நெல் மூட்டை முழுவதையும் பெட்டியின் பின்பக்கம் அடுக்கிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் ஏறினேன். பின்பாரம் பெட்டியின் மூக்கைத் தூக்க, எஞ்சின் முன்னால் குத்தி, நான் கைபிடியில் தொங்கிக்கொண்டு நின்றேன். அந்தக் கதைக்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்புக்காக மட்டும்தான் அதைச் சொன்னேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

3

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோவில் வாகனத் தரிப்பிடத்தில் முப்பது பேர் நின்றார்கள். ஜெனியும் வந்திருந்தாள். "கொப்பி வாசிக்க ஆள் வேணுமெல்லோ" என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறியிருந்தாள். வீட்டுக் குளியலறையில் கிடந்த நிறை பார்க்கும் தராசையும் கையில் வைத்திருந்தாள். கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்று அதில் பார்க்கலாமாம்.

முதலில் மாதாவைக் கொண்டுவந்தார்கள். பஞ்சு மெத்தை வைத்த நீளப் பெட்டிக்குள் சுரூபம். மாதா சபைத் தலைவி பிலோமினா அன்ரி முன்னால் நின்று கையைக் காட்டினார்.

"மாதா முன்னுக்கு. அவவுக்கு முன்னாலை ஒண்டும் போகப்படாது. பக்கத்திலையும் சட்டி பானை ஒண்டும் முட்டப்படாது, சொல்லிப்போட்டன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மறுத்துப் பேச என்ன இருக்கிறது? எங்கள் சனம் கறிச்சட்டியை மாதாவுக்குப் பக்கத்தில் வைக்குமா? ட்ரெய்லரின் முன் பாதியில் மாதா தனியாக, சுற்றிவர வெள்ளைத் துணியோடு கிடந்தா. பெட்டியோடு சேர்த்தும் தொண்ணூறு இறாத்தல்தான் இருக்கும். பின் பாதியில் எட்டு மூட்டை அரிசி, இரண்டு பெரிய சமையல் கிடாரம், அடுப்புகள், காஸ் சிலிண்டர் இரண்டு.

ஜெனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, திஸ் இஸ் ரோங். எல்லாப் பாரமும் பின்னுக்கு. நிறுத்துப் பாப்பம்."

"சனம் பாக்குது பிள்ளை."

"ஸோ? அன்ரியிட்டைச் சொல்லுங்கோ."

நான் அன்ரியைப் பார்த்தேன். அன்ரி வெள்ளைத் துணியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். காரின் பின்புறத்தைப் பார்த்தேன். அது கொஞ்சமும் தாழவில்லை, ஒரு சாண் உயர்ந்து நிற்பது போலவும் இருந்தது. பாவம் கார், அதற்குப் பாரமே தெரியவில்லை, மாதா தாங்குகிறா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஜெனி தராசைக் காருக்குள் எறிந்துவிட்டு ஏறி, கதவை அடித்துச் சாத்தினாள்.

4

நகருக்குள் ஒரு குறையும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, வேகம் தொண்ணூறைத் தொட்டபோது எனக்குள் ஒரு சந்தோசம் பொங்கியது. முன்னால் நீல வானம், பின்னால் மாதா, ஸ்டியரிங்கில் நான்! சீலி பின் இருக்கையில் செபமாலையைத் தொடங்கியிருந்தாள்.

அரை மணி நேரம் ஓடியிருப்போம். சாலை இறக்கமாக இறங்கியது. பதினெட்டுச் சில்லு லொறி ஒன்று எங்களை உரசுவது போலக் கடந்து போனது. அதன் காற்று ட்ரெய்லரை ஒரு தட்டுத் தட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லர் இடப்பக்கம் தெரிந்தது. அடுத்த கணம் வலப்பக்கம். பிறகு மறுபடியும் இடப்பக்கம், முன்னையதைவிட அகலமாக. காரின் வாலை யாரோ பிடித்து உலுப்புவது போல இருந்தது. ஸ்டியரிங் என் சொல்லைக் கேட்கவில்லை. வெள்ளைத் துணி காற்றில் படபடவென்று அடித்தது.

என் கால் பிரேக்குக்குப் போனது.

"பிரேக் அடிக்காதேங்கோ!" ஜெனி கத்தினாள். "காலை எடுங்கோ! ரெண்டு காலையும்! ஸ்டியரிங்கை நேரா பிடியுங்கோ, ஆட்டாதேங்கோ!"

காலை எடுத்தேன். அடிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் தெரியாது. உடம்பு முழுவதும் அடி, அடி என்கிறது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கி, தூரத்தில் தெரிந்த ஒரு பாலத்தை மட்டும் பார்த்தேன். எண்பத்தைந்து. எண்பது. ட்ரெய்லர் இன்னும் ஆடியது. எழுபதில் ஆட்டம் சிறுத்தது. அறுபதில் ஒருமுறை உதறிவிட்டு நேரானது. மின்னும் விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஓரமாக ஊர்ந்து, அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்பக்கம் நிறுத்தினேன்.

"செபமாலையிலை எத்தினையாம் மணியிலை நிண்டனான் எண்டு தெரியேல்லை. திரும்ப முதலிலை இருந்து தொடங்கவேணும்" என்றாள் சீலி.

இறங்கி ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். மாதா மெத்தையில் அப்படியே கிடந்தா. ஒரு கீறலும் இல்லை. அப்போதுதான் வாய்க்கால் மேடு நினைவுக்கு வந்தது. அதே பின்பாரம். அதே நான்.

5

சனத்தை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த இரண்டு வான்களும் எங்களைத் தேடி அங்கே வந்து சேர்ந்தன. பிலோமினா அன்ரி இறங்கியதும், "என்ன தாசன், கார் குடிச்ச வெறிகாரன் மாதிரி ஆடிச்சுது? நித்திரையோ?" என்றார்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஜெனி வாயைத் திறக்கப் போனாள். திறந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் சொன்னால் அவர்கள் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் நான்.

"நித்திரை இல்லை அன்ரி. பாரம் பிழை. மாதா பின்னுக்குப் போகவேணும். அரிசி முன்னுக்கு வரவேணும்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"என்ன கதை கதைக்கிறீர்? மாதாவைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு அரிசிச் சாக்கு முன்னாலையோ?"

சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சங்கிலியைக் கழற்றி, கொக்கியை விடுவித்தேன். பிறகு ட்ரெய்லரின் மூக்கை ஒரு கையால், அதுவும் இடக் கையால் தூக்கிக் காட்டினேன். முட்டைப் பெட்டியைத் தூக்குவது போல எழும்பியது. பின்னால் நின்ற இரண்டு பேர் "அம்மாடி" என்றார்கள்.

"இது இப்படி எழும்பக்கூடாது அன்ரி. மூக்கு காரைக் கீழை அமத்தவேணும். அமத்தாட்டில் வால் ஆடும். இன்னொரு லொறி வந்தால் மாதாவும் றோட்டிலை, நாங்களும் றோட்டிலை."

"சரி, உது மெசின் கதை. மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

மூக்கை மெல்ல இறக்கி வைத்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது நான் யோசித்து வைத்த பேச்சல்ல.

"அன்ரி, பின்னேரம் பவனி வரும்தானே. முன்னுக்கு என்ன போகும்?"

"சிலுவை."

"பிறகு?"

"பிள்ளையள், சனம், பாட்டுக்காரர்..."

"மாதா?"

அன்ரி மாதாவின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: "கடைசியிலைதானே வாறவ, அன்ரி. எல்லாரையும் முன்னுக்கு விட்டிட்டு."

அன்ரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "சரி, இறக்குங்கோ. பாத்து, பாத்து!"

எட்டு மூட்டையும் முன்னால் வந்தது. சிலிண்டர்களை நேராக நிறுத்தி முன் மூலைகளில் கட்டினோம். கிடாரங்கள் நடுவில். மாதா பின்னால், வெள்ளைத் துணியோடு தனியாக. அவவுக்குப் பக்கத்தில் இப்போதும் ஒரு சட்டியும் முட்டவில்லை. பெல்ட்டுகளை இழுத்துப் பூட்டியதும் ஜெனி தராசைக் கொண்டுவந்து மூக்குக்குக் கீழே ஒரு பலகைத் துண்டோடு வைத்தாள்.

"உது சீலியின்ரை தராசெல்லோ!" என்றார் ஒரு அன்ரி. "கவனம், அவள் ஏறின கடைசி நிறையும் அதிலை நிக்கப்போகுது."

"நிண்டால் நிக்கட்டும்" என்றாள் சீலி. "நீங்களும் ஒருக்கா ஏறுங்கோவன், ட்ரெய்லருக்கு எத்தினை பேர் சமன் எண்டு பாப்பம்." சிரிப்புச் சத்தத்தில் பெற்றோல் அடிக்க வந்த வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நூற்று முப்பது பவுண்ட்!" ஜெனி கத்தினாள். "பெர்ஃபெக்ட் அப்பா!"

காரின் பின்புறம் இப்போது சற்றுத் தாழ்ந்து நின்றது. பாரம் ஏற்றிய வாகனம் நிற்கவேண்டிய விதம் அதுதான்.

6

மீதித் தூரம் எண்பதுக்கு மேல் போகவில்லை. லொறிகள் கடந்தன, காற்று அடித்தது, ட்ரெய்லர் தண்டவாளத்தில் வருவது போல வந்தது. ஜெனி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வடிவா வாறா அப்பா" என்று இரண்டு தரம் சொன்னாள். மாதாவைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து இரண்டு வருடம்.

சமைக்கும் இடம் ஒரு சரிவுக்குக் கீழே இருந்தது. பின்னால் எடுத்துத்தான் விடவேண்டும். வேறு பங்குகளின் சனமெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஒரே எடுப்பு. யாரோ கைதட்டினார்கள். எனக்குக் காது சுட்டது, ஆனாலும் இறங்கும்போது குனியவில்லை. மாலையில் பவனி வந்தது. சிலுவை, பிள்ளைகள், சனம், பாட்டு, எல்லாம் போன பிறகு கடைசியில் மாதா. கூட்டத்துக்குள் ஜெனி எனக்குப் பக்கத்தில் நடந்தாள். பாடவில்லை. நடந்தாள்.

திரும்பும் நேரம் அரிசியெல்லாம் சாப்பாடாகித் தீர்ந்துவிட்டது. வெறும் கிடாரங்கள்தான். ஏற்றுவது சுலபம் என்று நினைத்தேன். எங்கள் சனத்தை மறந்துவிட்டேன். தேவாலயத்துத் தீர்த்த ஊற்றடியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள், கையில் தீர்த்தம் நிரப்பிய பிளாஸ்டிக் கான்கள். இரண்டு, மூன்று, சிலரிடம் நான்கு. வீட்டுக்கு ஒன்று, அயலுக்கு ஒன்று, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட ஒன்று. எல்லாம் என் ட்ரெய்லரை நோக்கி வந்தன.

முதலில் பிலோமினா அன்ரி. இரண்டு கையிலும் இரண்டு, கக்கத்தில் ஒன்று.

"தாசன், இதுகளை மாதாவுக்குப் பக்கத்திலை வையும். தீர்த்தம்தானே, முட்டலாம்."

ஜெனி காரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை அன்ரி" என்றேன். "கான் எல்லாம் முன்னுக்கு. ஆளுக்கு ஒண்டு. மிச்சத்தை அவரவர் மடியிலை வைச்சுக்கொண்டு வாங்கோ."

வரிசை அப்படியே நின்றது. அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் எப்ப தொடக்கம் கதைக்கத் தொடங்கினீர்?"

"இண்டைக்குக் காலமை பத்து மணியிலை இருந்து, அன்ரி."

அன்ரி ஒரு கானை என்னிடம் தந்தார். மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு வானுக்கு நடந்தார். நடந்தவர் திரும்பி, வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "கேட்டதே? ஆளுக்கு ஒண்டு! முன்னுக்கு!"